தீயணைக்கும் கருவியைப் பேணுதலும் மறுபடி நிரப்புதலும்

அறுவடை முடிந்து வைக்கோற்போர் போடும் காலமே கிராமங்களில் நெருப்புப் பயம் மிகுந்த காலமாகும். மோட்டார்க் கொட்டகையிலும் களத்திலும் தீயணைக்கும் கருவியை மாட்டி வைத்திருக்கும் விவசாயிகள் இக்காலத்தில் உளர். ஆனால் மாட்டிய நாள் முதல் அதனைத் தொட்டுப் பாராதவர்களும் உளர். அதனை நம்பித் தண்ணீர்த் தொட்டியை நிரப்பாது விடுவோர், ஓர் ஆண்டுத் தீவனத்தையே இழக்க நேரும்.

மாதந்தோறும் கவனிக்க வேண்டியவை: உலர்பொடிக் கருவியின் அழுத்தமானி முள் பச்சைப் பகுதியில் நிற்றல் வேண்டும். பாதுகாப்பு ஊசியும் முத்திரையும் குலையாதிருத்தல் வேண்டும். குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருப்பின் அகற்றுக. உரமூட்டைகளின் அருகிலும் ஈரத்தரையிலும் வைத்தால் உருளையின் அடியில் துரு ஏறும். ஆகையால் சுவரில் மாட்டுக. கரியமில வாயுக் கருவிக்குச் சாதாரணமாக அழுத்தமானி இல்லை. அதனை நிறுத்துப் பார்த்து, வாயுவின் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்திருப்பின் மறுபடி நிரப்புதல் அவசியம்.

சிறிதளவே உபயோகித்த பொடிக் கருவியையும் அப்படியே மாட்டிவிடலாகாது. வால்வின் இடுக்கில் பொடி சிக்கிக்கொள்வதால், மிஞ்சிய அழுத்தம் சில நாட்களில் கசிந்துவிடும். நிரப்பும் வேலையை அனுபவமுள்ளவரிடமே ஒப்புவிக்க வேண்டும். சமையற் சோடாவை மூலப்பொருளாகக் கொண்ட பொடியையும், மானோ அம்மோனியம் பாஸ்பேட் பொடியையும் ஒன்றாகக் கலத்தல் கூடாது. ஈரம் பட்டால் இரண்டும் வினைபுரிந்து வாயு உண்டாகும், பொடியும் கட்டியாகும். அழுத்தத்திற்கு ஈரமற்ற நைட்ரஜன் வாயுவே ஏற்றது. 2010-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி 2190, பொடிக் கருவிக்கு 3 ஆண்டுகளுக்கு ஒரு முறையும், கரியமில வாயுக் கருவிக்கு 5 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் நீரழுத்தச் சோதனை வகுத்தது. தலைகீழாகக் கவிழ்த்து உபயோகிக்கும் பழைய சோடா-அமிலக் கருவி எங்கேனும் இருப்பின், அதனை நிரப்பாது விலக்குக. அமிலத்தால் அரிக்கப்பட்ட உருளை வெடிக்கக்கூடும்.

கருவியிலிருந்து பொடி சில விநாடிகளே வெளிப்படும். ஆதலால் காற்று வரும் திசையில் நின்று, சுவாலையின் அடிப்பாகத்தை நோக்கிப் பீய்ச்சுக. வைக்கோற்போரில் மேற்சுவாலை அடங்கினும் உள்ளே கனல் தங்கும்; போரைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றினாலன்றி மறுபடி பற்றிக்கொள்ளும். மின்சார மோட்டாரிலும் எண்ணெயிலும் தண்ணீரை ஊற்றவே கூடாது.

கிராம அதிகாரிகள் தங்கள் அலுவலகத்திலும் பொதுக் களஞ்சியத்திலும் உள்ள கருவிகளுக்கு ஒரு பதிவேடு வைத்து, சோதித்த தேதியையும் நிரப்பிய தேதியையும் எழுதி வருவாராக. எத்தகைய தீயாயினும் 101 அல்லது 112 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்துக்கு அறிவித்த பின்னரே கருவியைக் கையிலெடுத்தல் நலம்.