மரம் வளர்வது எவ்வாறு?



பால்மரம் வெட்டும் பெற்றோர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. ஒரே நாளில் நட்ட ரப்பர்க் கன்றுகள் ஒரே அளவாக வளர்வதில்லை. சாலையோர வரிசையில் நிற்கும் மரம் பருத்திருக்கும். உள்வரிசை மரம் பெரும்பாலும் மெலிந்திருக்கும். ஓரத்து மரத்திற்கு ஒளி மிகுதியாகக் கிடைப்பதே காரணம். மழைக்காட்டில் இவ்வுண்மை இன்னும் தெளிவாக விளங்கும்.

அடர்ந்த மழைக்காட்டில் கதிரவன் ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே தரையை எட்டுகிறது. எஞ்சியதை உயர்ந்த மரங்களின் இலைகள் தடுத்துவிடுகின்றன. மெரந்தி போன்ற மரங்களின் கன்றுகள் அந்நிழலில் ஆண்டுக்கணக்கில் வளராமலே காத்து நிற்கின்றன. பல மடிந்து போகின்றன, சில பொறுத்திருக்கின்றன. முதிர்ந்த மரமொன்று சாய்ந்து, மேலே வானம் திறந்தவுடன், அக்கன்றுகள் விரைந்து உயர்கின்றன. சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கில் 2019ஆம் ஆண்டில் அளக்கப்பட்ட மஞ்சள் மெரந்தி மரமொன்றின் உயரம் 100.8 மீட்டர்!

அடுத்த தேவை நீர். வறட்சி நேர்ந்தால், மரம் நீரைக் காக்கும் பொருட்டு இலையின் நுண்துளைகளை மூடிக்கொள்கிறது. அப்போது கரியமில வாயு உட்புகுவது குறைகிறது. உணவு தயாரிப்பதும் குறைகிறது. ஆண்டின் தொடக்கத்தில், வறண்ட மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்ப்பதையும் பால் குறைவதையும் நாம் கண்டிருக்கிறோம்.

மூன்றாவது மண். பசுமையைக் கண்டு, காட்டு மண் வளம் மிக்கது என்று பலர் எண்ணுவர். பெரும்பாலும் அவ்வாறன்று. பெருமழை சத்துகளைக் கரைத்துச் செல்கிறது. உதிர்ந்த இலைகள் மட்கித் தரும் சத்தையே வேர்கள் பூஞ்சைகளின் துணையுடன் மீண்டும் உறிஞ்சுகின்றன. ஆதலால், காட்டை அழித்தால் சில ஆண்டுகளில் மண்ணின் வளமும் குன்றிவிடும்.

நான்காவது வெப்பம். மரம் பகலில் உணவு தயாரிக்கிறது. ஆனால், இரவிலும் சுவாசிக்கிறது. இரவு வெப்பம் மிகுந்தால் சுவாசம் விரைந்து, சேர்த்த உணவு செலவாகிறது. நெகிரி செம்பிலானிலுள்ள பாசோ காட்டில், 50 ஹெக்டர் பரப்பில் 800க்கும் மேற்பட்ட இன மரங்களை 1980ஆம் ஆண்டுகள் முதல் அளந்து வருகின்றனர். அங்கும் பனாமா நாட்டுக் காடொன்றிலும் மரங்களின் வளர்ச்சி வேகம் குறைந்து வந்ததை 2007ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். இரவு வெப்பம் கூடிய காலத்தில் வளர்ச்சி குன்றியதையும் கண்டனர். உலகம் வெப்பமடைந்துவரும் இந்நாளில் இது கவலைக்குரிய செய்தியாகும்.

முன்பு நான் பணியாற்றிய தோட்டப் பள்ளியில், மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு எழுத்துக் கூட்டவும் வரவில்லை. "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்றே நானும் எண்ணினேன். வீட்டில் அமர்ந்து படிக்க அவனுக்கு இடமில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். மாலையிலும் வகுப்பறையைத் திறந்து வைத்தோம். ஆண்டு முடிவதற்குள் அவன் சரளமாக வாசித்தான். குறை கன்றில் இல்லை. அது நின்ற நிழலில் இருந்தது.

பெற்றோர்களே, நாள்தோறும் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தி, உங்கள் பிள்ளை படிக்க ஓர் இடமும் விளக்கும் ஒதுக்கிக் கொடுங்கள். மாணவர்களே, காட்டோரத்தில் சிறு கன்றைக் கண்டால் விளையாட்டாகவும் ஒடிக்காதீர்கள். அது உங்களைவிட மூத்ததாகவும் இருக்கலாம்!