கோவையில் கோப்பை தூக்கிய அணி எங்கே போச்சு? கால்பந்து கிளப் ஜெயிக்க வெளிப்பணம் வேணுமா?

கோவை,

2019-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி கோவை நேரு ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் அந்த சாயங்காலத்தை லேசில் மறக்க மாட்டார்கள். ஐ-லீக் கால்பந்து தொடரின் கடைசி ஆட்டம். சென்னை சிட்டி எப்.சி. ஜெயித்தால் கோப்பை நமக்கு. சறுக்கினால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் ஜெயித்து கோப்பையை கொல்கத்தாவுக்கு கொண்டுபோய்விடும் நிலைமை.

ஆட்டம் தொடங்கி 3-வது நிமிடத்திலேயே மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. ஸ்டேடியமே கப்சிப். இடைவேளை வரைக்கும் அதே 0-1 தான். இரண்டாவது பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதற்கப்புறம் கவுரவ் போரா இரண்டு கோல். 3-1 என்று சென்னை சிட்டி ஜெயித்தது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது. ஆனால் கணக்கு போட்டால் சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது.

2021-22 ஐ-லீக் அட்டவணை வந்தபோது அதில் சென்னை சிட்டி பெயரே இல்லை. சாம்பியன் ஆகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

"நல்ல பணக்கார முதலாளி ஒருத்தர் கிடைச்சிருந்தா டீம் தப்பிச்சிருக்கும்" என்று ரசிகர்கள் பலர் இன்றைக்கும் சொல்வார்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது. வெளிப்பணம் வராமல் இல்லை. அதுவும் உள்ளூர் பணம் இல்லை, சுவிட்சர்லாந்து பணம். அந்த நாட்டின் பெரிய கிளப்புகளில் ஒன்றான எப்.சி. பாசல், 2019 தொடக்கத்தில் சென்னை சிட்டியில் 26 சதவீத பங்கை வாங்கியது. கோப்பையும் வந்தது, முதலீடும் வந்தது. அப்புறம் ஏன் இந்த கதி?

காசு எங்கே போகுது?

முதலில் ஒரு கிளப் நடத்த என்ன செலவு ஆகும் என்று பார்ப்போம். சம்பளம்தான் பெரிய செலவு என்று எல்லோருக்கும் தெரியும். பயணச் செலவைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. 2018-19 சீசனில் கோவையில் இருந்து சென்னை சிட்டி போக வேண்டிய ஊர்களை எண்ணிப் பாருங்கள். ஸ்ரீநகர், இம்பால், அய்சால், ஷில்லாங், கொல்கத்தா, கோவா, பஞ்ச்குலா, புவனேஸ்வர். வீரர்கள், பயிற்சியாளர், பிசியோ, மூட்டை முடிச்சு எல்லாம் சேர்த்து ஒரு பெரிய பட்டாளம். விமானம், ஓட்டல், சாப்பாடு. ஊருக்கு ஊர் இதே கதைதான். பக்கத்து ஊர் என்று சொன்னால் கோழிக்கோடு ஒன்றுதான்.

வரவு என்று பார்த்தால் டிக்கெட் காசு, ஜெர்சி மேல் போடும் விளம்பரம், பரிசுப் பணம், வீரரை வேறு கிளப்புக்கு விற்றால் கிடைக்கும் தொகை. ஐரோப்பாவில் பெரிய கிளப்புகளுக்கு சோறு போடுவது டி.வி. உரிமைப் பணம். ஐ-லீக்கில் அப்படி ஒரு வருமானம் கிளப்புகளை காப்பாற்றும் அளவுக்கு இருந்ததே இல்லை. டிக்கெட்டை நம்பி அணி நடத்துகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் கணக்கில் வீக் என்று அர்த்தம்.

ஆக, இந்தியாவில் கிளப் நடத்த வெளியில் இருந்து யாராவது கை நீட்டித்தான் ஆக வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நடத்துவதற்கு பணம் வேண்டும் என்பதும், ஜெயிப்பதற்கு பணம் வேண்டும் என்பதும் ஒன்றா? அங்கேதான் நாம் குழப்பிக்கொள்கிறோம்.

கோப்பைக்கு வித்து போட்டது யார்?

சென்னை சிட்டி 2016 கடைசியில் ஐ-லீக்குக்குள் நேரடியாக சேர்க்கப்பட்ட அணி. 2017-18 சீசனில் 10 அணிகளில் 8-வது இடம். அடுத்த சீசனிலேயே சாம்பியன். இடையில் என்ன நடந்தது? சிங்கப்பூர்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினில் கீழ் டிவிஷன்களில் ஆடிக்கொண்டிருந்த, இங்கே யாருக்கும் பெயர் தெரியாத வீரர்களை கிளப் தேடிப் பிடித்தது. அவர்களில் ஒருவர்தான் மான்சி. உருகுவேயில் பிறந்தவர். அந்த சீசனில் 21 கோல் அடித்தார். நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ இருவரும் பந்தை தரையோடு தரையாக நகர்த்தி ஆடிய அழகை கோவைக்காரர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். கூடவே எட்வின் வான்ஸ்பால் மாதிரி நம்ம ஊர் பசங்க.

தேதியை கவனிக்க வேண்டும். அந்த சீசன் 2018 அக்டோபரில் தொடங்கியது. பாசல் பங்கு வாங்கியது சீசன் நடந்துகொண்டிருந்தபோது. அணி அதற்கு முன்பே தயாராகிவிட்டது. கோப்பையை வாங்கித் தந்தது சுவிஸ் பணம் இல்லை. ஒரு நல்ல பயிற்சியாளரும், ஆள் பிடிப்பதில் காட்டிய சாமர்த்தியமும்தான்.

இது நமக்கு மட்டும் நடந்த அதிசயமும் இல்லை. 2016-17-ல் மிசோரமில் இருந்து வந்த அய்சால் எப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது. அதற்கு முந்தின சீசனில் அந்த அணி கீழே தள்ளப்பட்டு, பிறகு மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்டது. பயிற்சியாளர் காலித் ஜமீல் கையில் பெரிய பட்ஜெட் எதுவும் இல்லை. அவரும் கடைசி வரை விரட்டி வந்த மோகன் பகானை ஒரே புள்ளியில்தான் முந்தினார்.

ஆனால் சின்ன கிளப்புக்கு ஜெயிப்பதும் ஒரு ஆபத்துதான். ஜெயித்த மறுநாளே போன் வர ஆரம்பித்துவிடும். அய்சால் அணி சாம்பியன் ஆன கையோடு பிரிந்துபோனது. இங்கேயும் கோர்டில்லோ ஐதராபாத்துக்கும், வான்ஸ்பால் சென்னையின் எப்.சி.க்கும் போனார்கள். மான்சி 2020 ஜனவரியில் ஜப்பானுக்கு விமானம் ஏறினார். அவர்களை குற்றம் சொல்ல முடியாது. வீரனின் கால் பத்து வருஷம்தான் உழைக்கும். அதற்குள் சம்பாதிக்க வேண்டாமா?

கதவு பூட்டியிருந்தது

பாசல் பணம் ஏன் பலன் தரவில்லை என்பதற்கு இன்னொரு காரணம் மைதானத்துக்கு வெளியே இருந்தது. கால்பந்தில் உலக வழக்கம் என்ன? கீழ் டிவிஷனில் ஜெயித்தால் மேல் டிவிஷனுக்கு போகலாம். மேலே போனால் டி.வி., விளம்பரம், வருமானம் எல்லாம் ஏறும். அந்த நம்பிக்கையில்தான் எவனும் பணம் போடுவான். இந்தியாவில் 2014-ல் தொடங்கிய ஐ.எஸ்.எல்., பணம் கட்டி இடம் பிடித்த அணிகளின் லீக். கீழே இருந்து ஏறி வர அப்போது ஏணி இல்லை.

2019 அக்டோபரில் கோலாலம்பூரில் நடந்த கூட்டத்தில் ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக் என்று முடிவானது. ஐ-லீக் இரண்டாம் தரமானது. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே போகும் வாய்ப்பு 2022-23 சீசனில் இருந்துதான் என்றார்கள். அந்த வாய்ப்பை முதலில் பயன்படுத்தி மேலே போனது பஞ்சாப் எப்.சி. 2019-ல் ஜெயித்த சென்னை சிட்டிக்கு கிடைத்தது கோப்பையும் ஆசிய போட்டிகளில் ஆடும் வாய்ப்பும்தான். அந்த ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிபா கிளப்பிடம் 0-1 என்று தோற்றது. பிறகு கொரோனா வந்து எல்லாவற்றையும் முடக்கியது. 2020-21 சீசன் முழுக்க மேற்கு வங்காளத்திலேயே ஆளில்லாத மைதானங்களில் நடந்தது. சென்னை சிட்டி கீழ்ப்பாதியில் முடித்தது. கோவையில் ஒரு ஆட்டம்கூட இல்லை.

அந்த 2021-லேயே பாசல் கிளப்பின் முதலாளியும் மாறினார். பெர்ன்ஹார்ட் புர்கெனர் போய் டேவிட் டெகன் வந்தார். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி முதலாளி மாறினால் இங்கே உள்ள கிளப்பின் தலையெழுத்தும் மாறும். பங்கு வாங்கும்போது யாரும் இதை யோசிப்பதில்லை.

வந்த பணம் போகவும் செய்யும்

சென்னைக்கு இது புது பாடம் இல்லை. ஒரு காலத்தில் இங்கே கால்பந்துக்கு முதலீடு போட்டது ஆபீஸ்கள்தான். இந்தியன் வங்கி அணி 1996-97-ல் நடந்த முதல் தேசிய கால்பந்து லீக்கிலேயே ஆடியது. ஐ.சி.எப்., சுங்க இலாகா என்று எத்தனை அணிகள்! நன்றாக ஆடினால் வேலை நிச்சயம். வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் பையன் பந்து ஆடினால் வீட்டில் திட்டாததற்கு அதுதான் காரணம். ஸ்போர்ட்ஸ் கோட்டா ஆள் எடுப்பு குறைந்ததும் அந்த அணிகளின் பவிசும் குறைந்தது.

வடக்கே முதல் தேசிய லீக்கை வென்ற பக்வாராவின் ஜே.சி.டி. 2011-ல் மூடப்பட்டது. மும்பையின் மகிந்திரா யுனைடெட் 2010-ல் கடையை கட்டியது. இரண்டும் கம்பெனி அணிகள். கம்பெனி போதும் என்று நினைத்தது, அவ்வளவுதான். ரசிகனை யார் கேட்டார்கள்?

பெரிய கிளப்புகள் மட்டும் என்ன வாழ்ந்தது? ஈஸ்ட் பெங்காலை பாருங்கள். 2018-ல் குவெஸ் வந்தது, 2020-ல் ஸ்ரீ சிமெண்ட் வந்தது, 2022-ல் இமாமி வந்தது. நாலு வருஷத்தில் மூன்று முதலீட்டாளர். ஐ.எஸ்.எல்.லில் 2020-21 முதல் தொடர்ந்து ஐந்து சீசன் முதல் எட்டு இடத்துக்குள் வரவே இல்லை. எதிர் முகாமான மோகன் பகானில் 2020-ல் சஞ்சீவ் கோயங்கா குழுமம் 80 சதவீதம் வாங்கியது. அங்கே கோப்பைகள் வந்தன. ஆனால் கிளப் பெயருக்கு முன்னால் ஏ.டி.கே. என்று ஒட்டியதை ரசிகர்கள் ஏற்கவில்லை. மூன்று வருஷம் சண்டை போட்டு 2023-ல் அதை எடுக்க வைத்தார்கள்.

பணம் சரியாக வேலை செய்த உதாரணமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கும் சிட்டி புட்பால் குரூப் 2019-ல் மும்பை சிட்டியின் 65 சதவீதத்தை வாங்கியது. 2020-21-ல் லீக் கேடயம், கோப்பை இரண்டையும் மும்பை தூக்கியது. ஆனால் 2025 டிசம்பரில் அந்த குரூப்பும் மூட்டை கட்டிவிட்டது. ஐ.எஸ்.எல்.லின் எதிர்காலம் என்ன என்றே தெரியாத நேரம் அது.

நம்ம சென்னையின் எப்.சி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். அபிஷேக் பச்சன், டோனி, வீட்டா தானி என்று பெரிய பெயர்கள். 2015, 2018 என்று இரண்டு முறை சாம்பியன். பணம் பேசியது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் ரிலையன்ஸ் தரப்புக்கும் 2010-ல் போடப்பட்ட 700 கோடி ரூபாய், 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. அடுத்தது என்ன என்று தெரியாமல் புது சீசனே தள்ளிப்போனது. அந்த ஆகஸ்டில் சென்னையின் எப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. இரண்டு முறை சாம்பியனுக்கே அந்த கதி.

அடுத்து யாராவது வந்தால்?

நாளைக்கே ஒரு தொழிலதிபர் கோவையில் மறுபடி கிளப் ஆரம்பிக்கிறேன் என்று வரலாம். இது பம்பும் கிரைண்டரும் செய்து பெரிய ஆளானவர்கள் நிறைந்த ஊர், வரமாட்டார்கள் என்று சொல்ல முடியாது. வந்தால் எவ்வளவு கோடி என்று வாய் பிளப்பதற்கு முன்னால் வேறு சில விஷயங்களை கேட்க வேண்டும். மைதானம் யாருடையது? சென்னை சிட்டி ஆடியது அரசாங்க ஸ்டேடியத்தில். கிளப்புக்கு என்று ஒரு செண்ட் நிலம் இல்லை. அதனால் கிளப் போனபோது ஊரில் எதுவும் மிஞ்சவில்லை. வெளிநாட்டு ஸ்டிரைக்கருக்கு கொட்டும் காசில் கால்வாசியை ஒரு பயிற்சி மைதானத்துக்கும், 13 வயது, 15 வயது அணிகளுக்கும் போட்டிருந்தால், முதலாளி போன பிறகும் அது இருந்திருக்கும்.

இன்னொன்று, ரசிகனுக்கு பங்கு. ஜெர்மனியில் கிளப் உறுப்பினர்களுக்கு பாதிக்கு மேல் ஓட்டு இருக்க வேண்டும் என்பது விதி. வெளியாள் பணம் போடலாம், ஆனால் தன் இஷ்டத்துக்கு கிளப்பை மூடவோ பெயரை மாற்றவோ முடியாது. விதிவிலக்கு பெற்ற லெவர்குசன் கிளப் 1904-ல் பேயர் மருந்து கம்பெனி தொழிலாளர்கள் தொடங்கியது. நம்ம ஐ.சி.எப். மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2023-24-ல் ஒரு ஆட்டம்கூட தோற்காமல் ஜெர்மன் லீக்கை ஜெயித்தது. கம்பெனி 120 வருஷமாக கூடவே இருக்கிறது.

சென்னை சிட்டி இருந்த அஞ்சு வருஷத்தில் நம்ம பசங்களுக்கு கிடைத்ததையும் சொல்ல வேண்டும். கன்னியாகுமரி கடலோர கிராமத்தில் இருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் இந்த அணியில் ஆடித்தான் ஐ.எஸ்.எல். கவனத்துக்கு வந்தார். சென்னை பையன் நந்தகுமாரும் இந்த வழியாகத்தான் மேலே போனார்.

மார்ச் 9-ந் தேதி அப்பா தோளில் உட்கார்ந்து அந்த மூன்று கோலையும் பார்த்த பொடிசுகளுக்கு இப்போது பதினாலு, பதினஞ்சு வயசு. பெரிய கிளப் ஒன்றில் டிரையல்ஸ் கொடுக்கணும்னா கோவையில் இருந்து சென்னைக்கோ கோழிக்கோட்டுக்கோ ரெயில் ஏற வேண்டியிருக்கிறது.