ரசீதில் இருப்பது யார் பெயர்?

கார்த்திகை தீபம் நெருங்கும்போது திருவண்ணாமலையில் நெய்க் காணிக்கை கவுன்டர்கள் முளைத்துவிடும். 2,668 அடி உயர மலையின் உச்சியில் 11 நாள் எரியும் மகா தீபத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோ நெய் வேண்டும். பணம் கட்டியவர்கள் ரசீதை மடித்துப் பர்ஸுக்குள் பத்திரப்படுத்துகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. தீபக் கொப்பரையில் திரளும் மை, மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தப்பட்டுப் பிரசாதமாகிறது. நெய்க் காணிக்கை ரசீதைக் காட்டினால் அந்த மையை வாங்கிக்கொள்ளலாம்.

ஆக, நன்கொடைப் பதிவு என்பது வெறும் வரவுக் கணக்கு அல்ல. கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார், பதிலுக்கு என்ன செய்வதாக ஒப்புக்கொண்டோம் என்று மூன்றையும் அது சொல்லியாக வேண்டும். பணத்தை எண்ணுவது எளிது. கட்டுக்கட்டாக எண்ணித் தள்ளும் இயந்திரங்கள் வந்துவிட்டன. திணறல் எல்லாம் இந்த மூன்று கேள்விகளில்தான். ஆசிரமம், கோயில், அனாதை இல்லம் என்று ஊரே நன்கொடையில் நடக்கும் திருவண்ணாமலையில் இதை வேறு எந்த ஊரையும்விடத் தெளிவாகப் பார்க்கலாம்.

அருணாசலேஸ்வரர் கோயிலின் சுவர்களே பழைய நன்கொடைப் பதிவேடுதான். சோழர் காலம் தொட்டு இங்கே வெட்டப்பட்ட கல்வெட்டுகளை பி.ஆர். சீனிவாசன் பதிப்பிக்க, பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் நூலாக வெளியிட்டது. சோழர் காலத்து விளக்குக் கொடை ஒன்றை எடுத்துக்கொண்டால், அதன் அமைப்பு இன்றைய கணினிப் படிவத்தைவிடக் கச்சிதம்: அரசனின் ஆட்சியாண்டு, கொடுத்தவரின் பெயரும் ஊரும், கொடுத்த பொருள், அதைப் பெற்றுக்கொண்டவர், செய்யவேண்டிய தர்மம், எவ்வளவு காலத்துக்கு, யார் பாதுகாப்பில்.

அணையா விளக்கு ஒன்றுக்குச் சோழ நாட்டு வழக்கமான விலை 96 ஆடுகள். இடையர் அந்த ஆடுகளை வாங்கிக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகலாம், கிழடாகலாம். கணக்கில் மட்டும் 96 குறையக் கூடாது. குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்வது இடையர் பொறுப்பு. முதலைத் தொடாமல் வட்டியில் தர்மம் நடத்தும் இன்றைய நிரந்தர வைப்பு நிதியின் ஏற்பாடு அப்படியே இதுதான்.

இதே கோயிலின் வடக்குக் கோபுரத்துக்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர். செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்த ஒரு பெண் துறவி, வீடு வீடாகப் போய்த் திரட்டிய காசில் எழுந்த கோபுரம் அது. கையில் காசில்லை என்று கைவிரித்த செல்வரிடம், அவர் வீட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று அம்மணி அம்மாள் துல்லியமாகச் சொன்னார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. நன்கொடை மென்பொருள் விற்கும் நிறுவனங்கள், யாரிடம் எவ்வளவு கேட்டால் கிடைக்கும் என்று கணித்துத் தருவதாக இன்று விளம்பரம் செய்வதும் இதே சித்தியைத்தான்!

முதல் கேள்விக்கு வருவோம். கொடுத்தவர் யார்?

ஒருவர் 3 வருடத்தில் 4 முறை நன்கொடை தந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ரசீதில் எஸ். அருணாசலம், அடுத்ததில் அருணாசலம் எஸ்., மூன்றாவதில் தந்தை பெயரை விரித்து அருணாசலம் சுப்பிரமணியன். நான்காவது யுபிஐ வழியாக வந்தது. அதில் பேரனின் கைபேசி எண். மென்பொருளின் கண்ணுக்கு இவர்கள் நான்கு பேர். நான்கு பேருக்கும் தனித்தனியாக நன்றிக் கடிதம் போகும், ஒரே வீட்டுக்கு.

பெயர்களை ஒலியால் பொருத்திப் பார்க்கும் முறைக்கு நூறாண்டு வயதாகிவிட்டது. சவுண்டெக்ஸ் என்ற அந்த முறைக்கு அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை கொடுத்தார்கள். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, மெய்களுக்கு எண் போடும் உத்தி அது. அருணாசலத்தை ஆங்கிலத்தில் ‘சிஎச்’ போட்டு எழுதினாலும் ‘எஸ்’ போட்டு எழுதினாலும் ஏ652 என்ற ஒரே குறிதான் வரும். லட்சுமியைக் ‘கேஎஸ்எச்’ போட்டு எழுதினாலும் ‘எக்ஸ்’ போட்டு எழுதினாலும் எல்250. மலேசியத் தமிழர் எழுதும் லெட்சுமி வரும்போதுதான் சிக்கல். அதில் ‘டி’ நுழைந்துவிடுவதால் குறி எல்325 என்று மாறிவிடுகிறது. ஜோதியும் சோதியும் ஒருபோதும் சேரமாட்டார்கள், முதல் எழுத்தே வேறு. ஆங்கிலப் பெயர்களுக்காகப் பிறந்த கருவி நம் பெயர்களிடம் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது.

அடுத்த பாய்ச்சல் கனடாவில் நடந்தது. ஹோவர்ட் நியூகோம்பும் உடனிருந்தவர்களும் பிறப்புப் பதிவுகளைப் பெற்றோரின் திருமணப் பதிவுகளோடு கணினியால் இணைத்து, 1959இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அரிய பெயர் பொருந்தினால் அதற்கு மதிப்பு அதிகம், எல்லோருக்கும் இருக்கும் பெயர் பொருந்தினால் குறைவு என்பதுதான் அவர்களின் முக்கியமான கண்டுபிடிப்பு. 1969இல் ஐவன் ஃபெலெகி, ஆலன் சன்டர் இருவரும் இதற்கு முறையான கணிதம் அமைத்தார்கள்.

திருவண்ணாமலைக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். இந்த ஊர்ப் பட்டியலில் 50 பேரில் ஒருவர் அண்ணாமலை என்று கொள்வோம். இரண்டு பதிவுகளில் அந்தப் பெயர் ஒத்துப்போனால் கிடைக்கும் எடை, இரண்டின் அடிமான மடக்கையில் சுமார் 5.6. ஆயிரத்தில் ஒருவருக்கே உள்ள பெயர் ஒத்துப்போனால் எடை ஏறக்குறைய 10. அதே அண்ணாமலை இரண்டு முறை ஸ்ரீநகர்ப் பட்டியலில் வந்தால், அநேகமாக ஒரே ஆள்தான் என்று துணிந்து சொல்லிவிடலாம். கிரிவலப் பாதையில் சொல்ல முடியாது. பிறகு கைபேசி எண், பின்கோடு, மின்னஞ்சல் ஒவ்வொன்றுக்கும் எடை கூட்டி, ஓர் எல்லையைத் தாண்டினால் ‘ஒரே நபராக இருக்கலாம்’ என்று மென்பொருள் கொடி காட்டும். 2005இல் தொடங்கிய சிவிசிஆர்எம் என்ற கட்டற்ற மென்பொருளில், எந்த விவரத்துக்கு எவ்வளவு எடை, எல்லை எங்கே என்பதை அந்தந்த அமைப்பே அமைத்துக்கொள்ள முடியும். வெளிநாட்டு இயல்பமைப்பை அப்படியே விட்டுவைப்பது இங்கே ஆபத்து. நம் வீடுகளில் ஒரே கைபேசி எண்ணில் ஐந்து பேர் ரசீது வாங்குவார்கள். எண்ணுக்குப் பெரிய எடை கொடுத்தால் மாமியாரும் மருமகளும் ஒரே ஆளாகிவிடுவார்கள். ஒருவரை இருவராக வைத்திருப்பதைப் பிறகு சரிசெய்யலாம். இருவரை ஒருவராக இணைத்துவிட்டுப் பிரிப்பது தலைவலி.

வருமான வரித்துறை இந்தத் தலைவலிக்குக் கெடுவும் வைத்தது. 80ஜி சலுகை பெற்ற அமைப்புகள், 2021-22 நிதியாண்டு முதல், நன்கொடையாளர் ஒவ்வொருவரின் அடையாள எண்ணோடு 10பிடி படிவத்தை மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று விதி வந்தது. தவறினால் நாளுக்கு 200 ரூபாய். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. இங்கேதான் நம் பழக்கம் குறுக்கே வருகிறது: பணம் தாத்தாவுடையது, ரசீது பேத்தியின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும். வரிச் சான்றிதழ் தாத்தாவின் பான் எண்ணுக்குப் போக வேண்டும், அர்ச்சனை பேத்தியின் பெயரில் நடக்க வேண்டும். பெயருக்கு ஒரே ஒரு பெட்டி உள்ள மென்பொருள் இந்த இடத்தில் படுத்துவிடும்.

வெளிநாட்டவர் நிறைய வரும் ஊர் என்பதால் இன்னொரு பெட்டியும் வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தப்படி, அத்தகைய பணம் புதுடெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வரவேண்டும். ஆனால் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட அவருடைய அண்ணன், அதே வீட்டிலிருந்து அனுப்பினால் ஆகும். பதிவில் கேட்க வேண்டியது முகவரியை அல்ல, பாஸ்போர்ட்டை.

எதற்காகக் கொடுத்தார் என்ற கேள்வியில் கோயில்கள் பழுத்த அனுபவசாலிகள். அன்னதானக் கட்டளைக்கு வந்த பணத்தில் மதில் சுவர் பூச முடியாது. நன்கொடை மென்பொருள்களும் இதற்காக நிதிகளைப் பிரித்துவைக்கின்றன. ஆனால், பதிலுக்கு என்ன செய்வது, எந்த நாளில் செய்வது என்ற மூன்றாவது கேள்வியில், குறிப்பாகத் தேதி விஷயத்தில், அவை வழுக்கிவிடும். மாதம் ஒருமுறை, வருடம் ஒருமுறை என்றால் அவற்றுக்குப் புரியும். ‘மார்கழி புனர்பூசம்’ என்றால்? ஸ்ரீ ரமணாசிரமத்தில் பகவான் ஜயந்தி அந்த நாளில்தான். ரமணர் பிறந்தது 1879 டிசம்பர் 30 என்றாலும், விழா ஆண்டுதோறும் வேறு தேதியில் வரும். சந்திரன் அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப 27.3 நாள் ஆகிறது; தமிழ் மாதங்களோ 29 முதல் 32 நாள் வரை நீள்கின்றன. அதனால், சில மாதங்களில் ஒரே நட்சத்திரம் இரண்டு முறை வந்துவிடும். கட்டளை எந்த நாளில் என்று குருக்களைத்தான் கேட்க வேண்டும். பஞ்சாங்கம் தெரியாத மென்பொருளை வாங்கிவிட்டு, பக்கத்தில் காகித நோட்டு ஒன்றும் வைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

பழைய பதிவைப் புதிய இடத்துக்கு மாற்றும் வேலையிலும் முன்னோடி உண்டு. அரியலூர் மாவட்டத் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் ராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். ராசேந்திரனின் 14ஆம் ஆண்டில் அவை புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. இடையில் 13 வருடம் போல ஆகிவிட்டது, கொடைகள் தொலையவில்லை.

கல்லுக்கு இல்லாத ஓர் ஆபத்து கணினிக்கு உண்டு. 2020இல் நன்கொடை மென்பொருள் துறையின் பெரிய நிறுவனமான அமெரிக்க பிளாக்பாட், தன் வாடிக்கையாளர்களின் தரவைத் திருடிய கும்பலுக்குப் பணயத் தொகை கொடுத்தது. பாதிப்பின் அளவைச் சரியாக வெளியிடாததற்காக 2023இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு 30 லட்சம் டாலர் கட்டியது. சோழர் காலத்துக் கொடையாளி தன் பெயர் எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்றுதான் சுவரில் வெட்டினார். இன்றைய கொடையாளியின் பான் எண், கைபேசி, பிறந்த நட்சத்திரம், கொடுத்த தொகை அப்படி வெளியே கிடக்க முடியாது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் விவரங்களை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தனிநபருக்குத் தருகிறது. வேறு சட்டப்படி வைத்திருக்க வேண்டியவற்றுக்கு விலக்கு. வரிச் சட்ட விதிப்படி அறக்கட்டளைகள் கணக்குகளை 10 வருடம் வைத்திருக்க வேண்டும். ஆனால், சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதிவைத்த கட்டளை 10 வருடத்தில் முடிவதில்லை. அதனால், பான் எண்ணையும் கைபேசியையும் கெடு முடிந்ததும் நீக்கிவிட்டு, பெயர், நட்சத்திரம், தர்மம் ஆகிய மூன்றை மட்டும் தனிப் பதிவேட்டில் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.