முப்பது லட்சம் ஆண்டுக்கு முந்தைய கடல், 2100-இன் கணக்கு

பாரிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாவது உலகளாவிய மதிப்பாய்வு 2028-இல் முடிந்தாக வேண்டும். அதற்குள் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஏழாவது மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வருமா என்பதில் நாடுகளுக்கிடையே இழுபறி. 2025 பிப்ரவரியில் சீனாவின் ஹாங்சோவில் கூடியவர்கள் கால அட்டவணையை முடிவு செய்யாமலே கலைந்தார்கள். இதையொட்டி வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்தான் பல வடிவில் தலைகாட்டுகிறது. அண்டார்டிகாவால் மட்டும் 2100-க்குள் கடல் ஒரு மீட்டர் உயரும் என்று ஓரிடத்தில் படிக்கிறார்கள். 34 சென்டிமீட்டர் என்று இன்னோரிடத்தில். இரண்டையும் சொன்னது ஏறக்குறைய அதே ஆய்வுக் குழு. கடந்த காலத்தைச் சரியாகக் காட்டிய கணினி மாதிரி என்று சொல்லித்தானே நம்பச் சொன்னார்கள் என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. விடை, மாதிரியை எதை வைத்துச் சரிபார்த்தார்கள் என்பதில் இருக்கிறது.

பனிச்சுவர் மாதிரிக்குள் வந்தது எப்படி?

பிளியோசீன் காலத்தின் நடுப்பகுதியில், சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 400 பங்கை ஒட்டி இருந்தது. இன்றைய அளவுக்கு மிக நெருக்கம். கடலோ இன்றைக்கு மேல் பல மீட்டர் உயரத்தில் நின்றது. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் 7 மீட்டருக்குச் சற்று அதிகம். மேற்கு அண்டார்டிகா இன்னும் சில மீட்டர். கடல் அதற்கும் மேலே நின்றது என்ற மதிப்பீடுகளோடு கணக்கு நேராக வேண்டுமென்றால் கிழக்கு அண்டார்டிகாவிலும் பனி கரைந்திருக்க வேண்டும். கணினி மாதிரிகளில் அது அசைந்தே கொடுக்கவில்லை.

2015-இல் டேவிட் பொலார்ட், ராபர்ட் டிகாண்டோ, ரிச்சர்ட் ஆலி மூவரும் தங்கள் மாதிரியில் இரண்டு செயல்பாடுகளைச் சேர்த்தார்கள். ஒன்று, மிதக்கும் பனித்தட்டின் மேலே உருகிய நீர் விரிசல்களில் இறங்கித் தட்டைப் பிளப்பது. 2002-இல் லார்சன் பி பனித்தட்டு சில வாரங்களில் நொறுங்கியதை உலகமே செயற்கைக்கோள் படங்களில் பார்த்தது. மற்றொன்று, தட்டு போன பிறகு வெளிப்படும் செங்குத்தான பனிச்சுவர் நீருக்கு மேல் ஏறத்தாழ 100 மீட்டரைத் தாண்டினால் தன் எடையைத் தானே தாங்காமல் இடிவது. அண்டார்டிகாவின் பல இடங்களில் பனிக்கு அடியில் உள்ள தரை உள்ளே போகப் போக ஆழமாகிறது. அதனால் ஒரு சுவர் இடிந்தால் பின்னால் அதைவிட உயரமான சுவர் நிற்கும், அதுவும் இடியும். இவற்றைச் சேர்த்ததும் மாதிரியில் அண்டார்டிகா மட்டுமே பிளியோசீன் கடலை 17 மீட்டர் அளவுக்கு உயர்த்தியது.

அறிவுக்கூர்மையான விடைதான். ஆனால் அடுத்த படியில்தான் என் கவலை தொடங்குகிறது.

அடியில் கடல்நீர் பனியை உருக்கும் வேகம், விரிசலில் இறங்கும் நீரின் தாக்கம், சுவர் பின்வாங்கும் உச்ச வேகம் என்ற மூன்றுக்கும் என்ன எண் கொடுப்பது? நேரில் அளந்து எடுத்த உறுதியான எண் கிடையாது. எனவே டிகாண்டோவும் பொலார்டும் 2016-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில் மூன்றையும் மாற்றி மாற்றி 64 சேர்க்கைகளில் மாதிரியை ஓட்டினார்கள். பழைய கடல்மட்டங்களோடு பொருந்தியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றைக் கொண்டு எதிர்காலத்தைக் கணித்தார்கள்.

பிளியோசீனில் அண்டார்டிகாவின் பங்கு 10 முதல் 20 மீட்டர் என்று இலக்கு வைத்தபோது, உச்ச அளவு உமிழ்வில் 2100-இல் அதன் பங்கு 105 சென்டிமீட்டர் என்று வந்தது. கூட்டியோ குறைத்தோ 30. இலக்கை 5 முதல் 15 மீட்டராகத் தாழ்த்தியபோது 64 சென்டிமீட்டர். கூட்டியோ குறைத்தோ 49. இயற்பியலும் உமிழ்வும் மாறவில்லை. முப்பது லட்சம் ஆண்டுக்கு முந்தைய ஒரு கடற்கரையின் உயரத்தை ஐந்து மீட்டர் குறைத்து வைத்ததில், நம் பேரப்பிள்ளைகளின் கடல் 40 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. இரண்டு விடைகளையும் கட்டுரையிலேயே தந்தார்கள். செய்தியாகப் பரவியது என்னவோ ஒரு மீட்டர்தான்.

அந்தப் பழைய கரையின் உயரம் அவ்வளவு உறுதியானதா? அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் நீளும் ஆரஞ்ச்பர்க் மேட்டில் பிளியோசீன் கடல் விட்டுப்போன தடம் இருக்கிறது. ஆனால் பூமியின் உட்புறப் பாறை மெல்ல நகர்ந்து அந்தத் தரையையே உயர்த்தி வளைத்திருப்பதை 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக் குகைப் படிவுகள் சுமார் 16 மீட்டர் என்கின்றன. நியூசிலாந்தின் வாங்கனூயி படுகைப் படிவுகளிலிருந்து, பனி பெருகிய காலத்துக்கும் குறைந்த காலத்துக்கும் இடையே கடல் 5 முதல் 25 மீட்டர் வரை ஏறி இறங்கியதாகக் கணக்கிடுகிறார்கள். எடைக்கல்லே ஐயத்துக்குரியது என்றால், தராசு நேராக நிற்பதில் என்ன ஆறுதல்?

ஆகவே 'கடந்த காலத்தோடு ஒத்துப்போகும் மாதிரி' என்று ஓர் அறிக்கை சொன்னால் எச்சரிக்கையாகப் படியுங்கள். ஒத்துப்போகும்படி எண்களைத் தேர்ந்தெடுத்த பிறகு, அந்தக் கடந்த காலம் தனிச் சாட்சியாக நிற்காது. 2019-இல் டாம்சின் எட்வர்ட்ஸ் குழுவினர் இதே தரவுகளை மறு ஆய்வு செய்து, பனிச்சுவர் இடியாமலேயே பழைய கடல்மட்டங்களை விளக்கிவிடலாம் என்று காட்டினார்கள். 2021-இல் டிகாண்டோ குழுவே மேம்படுத்திய மாதிரியில் செயற்கைக்கோள் அளவீடுகளையும் சேர்த்துச் சலித்தபோது வந்ததுதான் அந்த 34 சென்டிமீட்டர்.

ஐபிசிசியின் ஆறாவது அறிக்கை உச்ச உமிழ்வில் 2100-க்குள் உலகக் கடல் மொத்தம் 0.63 முதல் 1.01 மீட்டர் உயரும் என்கிறது. இந்த வரம்புக்குள் பனிச்சுவர் இடிவது இல்லை. அதையும் சேர்த்தால் 2 மீட்டரை நெருங்குவதை மறுக்க முடியாது என்று தனியே ஒரு வாக்கியம் சொல்லி, 'குறைந்த நம்பகம்' என்று முத்திரையிட்டிருக்கிறார்கள். நடக்க வாய்ப்பில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சான்று போதவில்லை என்பதே பொருள். துறைமுகம் கட்டுபவர் முதல் வரம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், அறிந்த ஆபத்தைவிட அறியாத ஆபத்துக்கே அதிகம் ஆட்படுவார்.

பனிச்சுவர் இடிவது வெறும் ஊகமா? இல்லை; கிரீன்லாந்தின் யாகோப்ஷாவன், ஹெல்ஹைம் பனியாறுகளில் 100 மீட்டரை ஒட்டிய சுவர்கள் உடைகின்றன. ஆனால் அண்டார்டிகாவின் த்வெய்ட்ஸ் பனியாறு இந்த நூற்றாண்டில் அப்படித் தொடர்ந்து சரியாது என்கிறது 2024-இல் வந்த ஓர் ஆய்வு.

கடந்த காலத்துக்கு வேறு சாட்சி உண்டா? உண்டு, வெட்டல், ராஸ் கடல்களின் ஆக்டோபஸ்கள் சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் கலந்து வாழ்ந்ததை அவற்றின் மரபணு காட்டுகிறது. இடையில் நிற்கும் மேற்கு அண்டார்டிகப் பனி அப்போது சரிந்திருக்க வேண்டும்.

வெப்ப உயர்வு 2 டிகிரிக்குள் நின்றால்? பனி இழப்பு இன்றைய வேகத்தை ஒட்டியே தொடரும். 3 டிகிரிப் பாதையில் 2060 வாக்கில் திடீரென வேகமெடுக்கும் என்கிறது 2021 ஆய்வு.

நம் கரைக்கு என்ன? அண்டார்டிகா பனியை இழந்தால் அதன் ஈர்ப்பு குறையும். தொலைவில் உள்ள நம் கடல் உலகச் சராசரியைவிடச் சற்றே கூடுதலாக உயரும்.

எந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்வது? எண்ணைத் தனியாக எடுக்காதீர்கள். எந்தப் பழைய கடல்மட்டத்தை இலக்காக வைத்தார்கள், அந்த இலக்கை மாற்றினால் விடை எவ்வளவு மாறும் என்ற இரண்டையும் ஐபிசிசியின் ஏழாவது அறிக்கை முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அரசுகள் கையெழுத்திடும் முன் கேட்டு வாங்க வேண்டும்.