மின் நாதம் – 7: தபேலா இல்லாத பத்து ராகங்கள்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் சுற்றி வருபவர் காதில், இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை பாட்டு விழுந்துகொண்டே இருக்கும். பாடியவர் குரலைக் கேட்டதும் பெயரைச் சொல்லிவிடுவோம். அதே பாட்டில் புல்லாங்குழலாகவும் வீணையாகவும் கீபோர்டை ஒலிக்கவைத்தவர் யார் என்று கேட்டால் பதில் இருக்காது. நம் நாட்டில் மின்னிசைக் கருவிக்காரர்கள் பட்ட பாடு தொடக்கத்திலிருந்தே இதுதான்.

1954-இல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்தின் மகுடி இசையைக் கேட்டுச் சொக்கிப்போகாதவர் இல்லை. அது மகுடியே அல்ல. ஹேமந்த் குமாரின் இசையில், கிளாவியோலின் என்ற மின் கருவியில் கல்யாண்ஜி வாசித்தது. பின்னாளில் தம்பி ஆனந்த்ஜியுடன் சேர்ந்து இசையமைப்பாளராக உயர்ந்ததால் அவர் பெயராவது நிலைத்தது.

சரண்ஜித் சிங்குக்கு அப்படியொரு வழி அமையவில்லை. மும்பை ஒலிப்பதிவுக் கூடங்களில் ஆர்.டி. பர்மன் உள்ளிட்டோருக்கு கிடாரும் டிரான்சிகார்டும் வாசித்தவர் அவர். கல்யாணக் கச்சேரிகளும் செய்தார். புதுக் கருவி எது வந்தாலும் வாங்கிப் பார்த்துவிடும் ஆர்வம் அவருக்கு. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்த ஜூபிடர்-8 சின்தசைசர், டி.ஆர்.-808 தாள இயந்திரம், டி.பி.-303 பேஸ் இயந்திரம் மூன்றையும் சிங்கப்பூரில் வாங்கிவந்தார்.

தபேலாவை விலக்கிவிட்டு, டிஸ்கோ தாளத்தில் ராகங்களை வாசித்தால் எப்படி இருக்கும்? இந்த யோசனையில் பிறந்த இசைத்தட்டை 1982-இல் ஹெச்.எம்.வி. வெளியிட்டது. மொத்தம் பத்து ராகங்கள். பெரும்பாலானவை நமக்கும் சொந்தம்: மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம், பூபாலி நம் மோகனம், பைராகி நம் ரேவதி, கலாவதி நம் வலஜி. தட்டு விலைபோகவில்லை.

டி.பி.-303-க்கும் அதே கதிதான். தனியாகப் பயிற்சி செய்யும் கிடார் கலைஞருக்குத் துணையாக உருவான அந்தப் பெட்டியின் தயாரிப்பை 1984-இல் நிறுத்திவிட்டார்கள். பழைய பெட்டிகள் சிகாகோவில் மலிவாகக் கிடைத்தன. ஃபியூச்சர் என்ற குழுவினர் அதன் குமிழ்களைத் தாறுமாறாகத் திருகி ‘ஆசிட் டிராக்ஸ்’ இசைத்தட்டை 1987-இல் கொண்டுவந்தார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை அதிலிருந்து உலகெங்கும் பரவியது.

எடோ பவுமன் என்ற டச்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் டெல்லிக் கடையொன்றில் சிங்கின் தட்டைக் கண்டெடுத்து, 2010-இல் மறுவெளியீடு செய்தார். மேலை விமர்சகர்கள் திகைத்துப்போனார்கள். சிகாகோவுக்கு ஐந்தாண்டு முன்பே மும்பையில் இப்படியொரு ஒலியா? பிரிட்டனின் அபெக்ஸ் ட்வின் செய்த விளையாட்டாக இருக்குமோ என்றுகூடச் சந்தேகித்தார்கள். நிஜம்தான் என்று தெரிந்ததும் ஆசிட் ஹவுஸின் முன்னோடி என்று கொண்டாடினார்கள்.

சிங்குக்கு அந்த இசை வகையே தெரியாது. 28 ஆண்டு தாமதமாக வந்த பாராட்டு அவருக்கு உரியதுதான். ஆனால் அதற்குச் சொன்ன காரணம் போதாது. சிகாகோவைப் போல ஒலித்தது என்பதா அவர் பெருமை? மால்கௌன்ஸை ஹிந்தோளம் அறிந்த காதோடு கேட்க வேண்டும். ரிஷபமும் பஞ்சமமும் இல்லாத அந்த ராகத்தில், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் இடங்கள்தான் உயிர். கட்டை கட்டையாக நிற்கும் கீபோர்டில் அது எளிதில் வராது. சின்தசைசரின் சறுக்கு வசதியை அவர் அங்கே கையாளும் பக்குவம், ஆண்டுக்கணக்கில் ராகத்தோடு பழகிய கைக்கே வரும். 303-இன் பேஸ் சுருதிபோல அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. டிஸ்கோ என்று ஒதுக்கியவர்கள் இதைக் கவனிக்கவில்லை. ஆசிட் என்று தூக்கிவைத்தவர்களும் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

மறுவெளியீட்டுக்குப் பிறகு எழுபது வயதைத் தாண்டிய சிங் வெளிநாட்டு மேடைகளில் அந்த ராகங்களை வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

(அடுத்த வாரம்: 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்த மூக் சின்தசைசரும், அதை வாசித்த கீதா சாராபாயும்)