கோதுமையும் நஞ்சாகுமோ?

“அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு” என்பது பெரியோர் வாக்கு. ஆனால் அளவோடு உண்டாலும் சிலருக்கு நஞ்சாகிவிடும் உணவு ஒன்று உண்டு. அது கோதுமை! அவர்களுக்கு இருக்கும் நோயின் பெயர் சீலியாக். அதைக் கவனியாது விட்டால் புற்றுநோய்கூட வரலாம் என்று அறிந்தபோது நாங்கள் திகைத்தோம். இதில் அச்சம் எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று பார்ப்போமா?

நோய் யாது?

கோதுமை, பார்லி முதலியவற்றில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. பரோட்டா மாவை இழுத்தால் அறுந்துபோகாமல் நீள்வது இதனால்தான். நம் சிறுகுடலின் உட்சுவரில் குடலுறிஞ்சிகள் சிறு விரல்களைப்போல நின்று சத்தை உறிஞ்சுகின்றன. சீலியாக் நோயாளியின் உடலோ குளூட்டனைப் பகைவன் என்று எண்ணிப் போர் தொடுக்கிறது. அப்போரில் அழிவது அவருடைய குடலுறிஞ்சிகளே! அதனால் ஓயாத வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், வளர்ச்சிக் குறைவு, மாத்திரைக்கும் அடங்காத இரத்தசோகை ஆகியவை தோன்றுகின்றன.

இதற்குக் காரணம் கோதுமையே என்று காட்டியவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில், போரினால் அந்நாட்டில் ரொட்டிப் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது!

புற்றுநோயும் வருமா?

ஆண்டுக்கணக்கில் குடல் புண்பட்டுக்கொண்டே இருந்தால், அங்குள்ள வெள்ளணுக்கள் ஓய்வின்றிப் பெருகுகின்றன. அவற்றுள் ஒன்று கட்டுப்பாட்டை மீறினால் லிம்போமா என்னும் புற்றுநோயாகலாம். சிறுகுடலிலேயே புற்று தோன்றுவதும் உண்டு. ஆயினும் இவை இரண்டும் மிக அரியவை. சீலியாக் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இவை வருவதே இல்லை.

நற்செய்தி ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் 210 நோயாளிகளை நெடுங்காலம் கவனித்து, 1989-இல் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ குளூட்டனை அறவே விலக்கியவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களைவிட மிகுதியாக இல்லை என்று அது கண்டது. விலை உயர்ந்த மருந்தன்று, உணவுக் கட்டுப்பாடே இங்குக் கேடயம்!

நம் நாட்டில்

இந்தியாவில் 23,331 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. வடக்கே ஆயிரத்தில் எட்டு ஒன்பது பேருக்கு இந்நோய் இருந்தது. தெற்கிலோ பத்தாயிரத்தில் ஏறக்குறைய ஒருவருக்கே! நோய்க்கு இடம்தரும் மரபணு வடக்கே நூற்றுக்கு 38 பேரிடமும், தெற்கே 36 பேரிடமும் காணப்பட்டது. அப்படியானால் வேறுபாடு எங்கே? வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை உண்ண, தெற்கே 25 கிராமே உண்டனர். விதை இங்கும் இருக்கிறது. கோதுமை என்னும் நீர்தான் குறைவு.

கூமாப்பட்டி வயல்களில் விளைவது நெல். ஆனால் மாலையானால் ஊருக்கு ஊர் பரோட்டாக் கல் சூடேறுகிறது. ஆகவே நாமும் இந்நோயை அறிந்திருத்தல் நன்று. ஐயம் இருந்தால் மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். நோயற்றவர்கள் கோதுமைக்கு அஞ்ச வேண்டியதே இல்லை.

நோயாளிக்கு இட்லி, தோசை, கம்பங்கூழ், கேப்பைக்களி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா எல்லாம் உகந்தவையே. ரவை, மைதா, சேமியா, மால்ட் பானம் ஆகியவை ஆகா. கடைப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு!

திருப்பலியில் நற்கருணை அப்பமும் கோதுமையே அன்றோ? திருச்சபை இதையும் எண்ணிப் பார்த்திருக்கிறது. குளூட்டன் முற்றிலும் இல்லாத அப்பம் செல்லாது. மிகக் குறைவாக உள்ள அப்பம் செல்லும் என்று 2003-லும் 2017-லும் உரோமை தெளிவுபடுத்தியது. அதுவும் ஒவ்வாதவர் இரச வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம்.

தோழியரே! நம்முடன் அமர்ந்து உண்ணும் ஒருத்தி, “எனக்குப் பூரி வேண்டாம்” என்றால், “ஒரு வாய் தின்றால் என்ன?” என்று வற்புறுத்தாதிருப்போம். அந்த ஒரு வாயை மறுப்பதில்தான் அவளது நலம் அடங்கியிருக்கிறது. நம் இட்லியில் ஒன்றை அவளுக்குப் பகிர்ந்தளிப்போம், அதுவே அன்பு!