கறிவேப்பிலைத் தோட்டத்தில் இரு அழகிகள்

மாசி கழிந்து பங்குனி பிறக்கும் வேளையில், ஓசூரை அடுத்த சானமாவுக் காட்டோரத்துத் தோட்டங்களில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தளிர் விடுகின்றன. கரிய சிறகில் வெண்திட்டும் செம்புள்ளிகளும் கொண்ட வண்ணத்துப்பூச்சிகள் அங்கே வட்டமிடக் கண்டதும், மருந்துத் தெளிப்பானைத் தோளில் ஏற்றும் அன்பர்கள் நம்மிடையே பலர். சற்றே பொறுத்து நோக்குமாறு வேண்டுகிறோம்.

ஒரே சேலையை உடுத்தினாற்போல் தோன்றும் இவை இரு வேறு இனங்கள். ஒன்று ரோஜா அழகி. அது கறிவேப்பிலையில் முட்டையிடுவதேயில்லை. வேலியோரத்து ஈசுவரமூலியும் ஆடுதீண்டாப்பாளையுமே அதன் புழுவுக்கு உணவு. அச்செடிகளின் நஞ்சு புழுவின் உடலில் தங்கி, சிறகு முளைத்த பின்னும் நீங்காதிருப்பதால், பறவைகள் அதனை வெறுத்து ஒதுக்குகின்றன. மற்றொன்று கறிவேப்பிலை அழகி. பெயரே அதன் தொழிலைச் சொல்லும். அதன் பெண்களுள் ஒரு சாரார், நஞ்சு சிறிதும் இல்லாமலே ரோஜா அழகியின் கோலம் பூண்டு பறவைகளை ஏய்க்கின்றனர். ஆண்களுக்கு இவ்வேடம் இல்லை. பின்சிறகில் வெண்புள்ளி வரிசை ஒன்றே உண்டு. இவ்வினத்துப் பெண்களின் பல வடிவங்களைப் பற்றி 1865-இல் வாலஸ் என்னும் ஆங்கில அறிஞர் எழுதினார். அவ்வேடத்தை ஆள்வது ஒரே மரபணு என்பதைக் கிருஷ்ணமேக் குண்டேயும் பிறரும் 2014-இல் வெளியிட்டனர். அவர் பணிபுரிவது நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

பிரித்தறியச் சிறகைப் பார்த்துப் பயனில்லை, உடலைப் பார்க்கவேண்டும். முந்தானையில் மயங்காமல் பாவையும் ஊடையையும் ஆராயும் நெசவாளர்களுக்கு இது கடினமன்று. தலையும் வயிறும் சிவந்திருந்தால் ரோஜா அழகி. உடல் முழுதும் கறுத்திருந்தால் கறிவேப்பிலை அழகி.

புழுக்களில் ஐயத்திற்கே இடமில்லை. கறிவேப்பிலையில் இருப்பது இளமையில் பறவை எச்சம் போன்றும், வளர்ந்தபின் பச்சையாகவும் தோன்றும்; தொட்டால் தலைக்குப் பின்னிருந்து சிவந்த கொம்பிரண்டை நீட்டும். அஞ்சவேண்டாம், கடிக்காது. வீட்டுக் கொல்லையில் நான்கைந்து செடிகள் உள்ளவர் கையாலேயே பொறுக்கிவிடலாம்.

நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் மல்பெரி. காற்றில் மிதந்து செல்லும் மருந்து அண்டைத் தோட்டத்து மல்பெரியில் படிந்தால், அவ்விலையை உண்ணும் பட்டுப்புழுக்கள் மடியும். கூடும் இல்லை, தறிக்கு நூலும் இல்லை. தெளித்தே ஆகவேண்டும் என்போர், காற்று அடங்கிய வேளையில் தெளிப்பதோடு, பட்டுப்புழு வளர்க்கும் அண்டையாருக்கு முன்கூட்டியே சொல்லி, அவர்கள் அன்றைய இலையைப் பறித்துக்கொள்ள அவகாசம் தருவார்களாக.